அப்புச்சிக்குக் கையால் சாக்ஸ் பின்ன வேண்டும், திருப்பூர் கோன் நூலில் முடியுமா?

நொய்யல்கரை:
வணக்கங்க. சூலூர்ப் பக்கம் இருக்கிறோம். எங்கள் அப்புச்சிக்கு (அம்மாவின் அப்பா) வயது 78, சர்க்கரை இருக்கிறது. தோட்டத்து வீட்டில் சிமெண்ட் தரையை எடுத்துவிட்டு டைல்ஸ் போட்டதிலிருந்து கார்த்திகை பிறந்தால் தை முடிகிற வரைக்கும் கால் சில்லிட்டுக்கொண்டே இருக்கிறது என்கிறார். கடை சாக்ஸ் எதுவும் அவருக்கு ஒத்து வரவில்லை. மேல்பட்டை ரப்பர் கெண்டைக்காலில் வளையமாக அச்சுப் பதிக்கிறது, விரல் நுனியில் குறுக்கே ஓடுகிற தையல் சுண்டுவிரலை உரசுகிறது, குதிகால் பகுதி நழுவி உள்ளங்காலுக்கு அடியில் சுருண்டு கிடக்கிறது. பாதி நாள் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு உட்கார்ந்திருக்கிறார்.

எனக்கு மஃப்ளர், குழந்தைத் தொப்பி, அரைக்கை ஸ்வெட்டர் வரைக்கும் பின்ன வரும். கண்ணி (நூல் வளையம்) வழவழப்பாக விழுகிற நிட், மேடாக விழுகிற பர்ல், இரண்டும் மாறி மாறி வருகிற ரிப் எல்லாம் தெரியும். ஆனால் எல்லாமே இரண்டு ஊசியில் தட்டையாகப் பின்னித் தைத்தவைதான், வட்டமாகப் பின்னிப் பழக்கமில்லை. மாமா திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பதால் காட்டன் கோன் நூல் எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கும். அதில் பின்னலாமா, இல்லை கம்பளி நூல்தான் வேண்டுமா? எத்தனை கண்ணி ஏற்றுவது, எந்த ஊசி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உடுமலைக்காற்று:
நூல் இருக்கட்டும் கண்ணு, முதலில் காலை அளந்துகொண்டு வா. சாக்ஸ் சுகமாக இருப்பதும் இல்லாததும் முக்கால்வாசி அளவில்தான் இருக்கிறது. நூல் எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் அளவு தப்பினால் சுருங்கும், நழுவும், உரசும். கடையில் விற்பது பெரும்பாலும் 'ஃப்ரீ சைஸ்', யார் காலுக்கும் இழுபடுகிற மாதிரி ரப்பரை நம்பிச் செய்தது. நீ பின்னப்போவது ஒரே ஒருவர் காலுக்கு. அந்த வசதியை விட்டுவிடாதே.

சாயங்காலம் அளக்க வேண்டும், அப்போதுதான் கால் லேசாக வீங்கி முழு அளவில் இருக்கும். அவரை நிற்க வைத்து அள. விரல்கள் முடிந்து பாதம் அகலமாகிற இடத்தில் ஒரு சுற்றளவு. குதிகால் முனையில் தொடங்கிக் கணுக்காலுக்கு முன்னால் பாதம் மடிகிற இடத்தைச் சுற்றி ஒரு சாய்வுச் சுற்றளவு. இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள், ஆனால் சாக்ஸ் ஏறுமா மாட்டுமா என்பதைச் சொல்வது இந்த அளவுதான். அப்புறம் குதிகாலிலிருந்து கட்டைவிரல் நுனி வரை நீளம், மேல்பட்டை வரப்போகிற இடத்தில் கெண்டைக்கால் சுற்றளவு. இரண்டு காலையும் தனித்தனியாக அள, வயதானவர்களுக்கு ஒரு கால் கூடுதலாக வீங்கியிருப்பது சகஜம்.

பாதச் சுற்றளவில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்துத்தான் சாக்ஸ் பின்னுவது. காலை விடச் சின்னதாக இருந்து, போட்டதும் இழுபட்டுப் பிடிக்க வேண்டும். காலின் அளவுக்கே பின்னினால் ஒரு மணி நேரத்தில் தொளதொளவென்று ஆகிவிடும். நீளத்திலும் ஒரு சென்டிமீட்டர் குறையலாம்.

கோன்நூல்:
திருப்பூர் ஆள் என்பதால் நூல் விஷயத்துக்கு வந்தேன். கோன் நூலில் பின்னலாம்ங்க, ஆனால் அப்படியே எடுத்துப் பின்ன முடியாது. பனியனுக்குப் போகிற நூல் 20, 30, 40 கவுண்ட். 20 கவுண்ட் என்றால் ஒரு பவுண்டு எடையில் 20 ஹேங்க், ஒரு ஹேங்க் 840 கெஜம். கணக்குப் போட்டால் ஒரு கிராமுக்குக் கிட்டத்தட்ட 34 மீட்டர் வருகிறது. கையால் சாக்ஸ் பின்ன விற்கிற கம்பளி நூல் 100 கிராமுக்கு 400 மீட்டர், அதாவது கிராமுக்கு 4 மீட்டர். ஆக 20 கவுண்டில் எட்டு இழை சேர்த்தால் அந்தத் தடிமன் கிட்ட வந்துவிடும். எடை சரியாக இருந்தாலும் காட்டன் நூல் கம்பளியை விடக் கொஞ்சம் ஒல்லியாகத்தான் தெரியும், கம்பளி உப்பலானது.

எட்டு ஒற்றை இழையை வெறுமனே சேர்த்துப் பிடித்துப் பின்னாதீர்கள். ஊசி முனை இழைகளுக்கு நடுவில் குத்தும், ஒன்றிரண்டு விட்டுப்போகும். அதைவிட முக்கியம், ஒற்றை முறுக்கு நூலில் வட்டமாகப் பின்னினால் துணி சாயும். மலிவு பனியனைத் துவைத்ததும் பக்கத்தில் இருக்க வேண்டிய தையல் தொப்புள் பக்கம் திரும்பி வந்து நிற்குமே, காரணம் அந்த முறுக்குதான். சாக்ஸில் இது நடந்தால் குதிகால் பக்கவாட்டில் போய்விடும். மாமாவிடம் 2/20 கேளுங்கள், அதாவது இரண்டு இழை ஏற்கெனவே முறுக்கி வந்தது. அதில் நான்கு எடுத்து எதிர்த் திசையில் லேசாக முறுக்கினால் போதும். ட்விஸ்டிங் போடுகிறவர்கள் ஒரு கோனுக்காக மிஷினை நிறுத்தி ஓட்ட மாட்டார்கள், வீட்டில் தக்ளி இருந்தால் நீங்களே முறுக்கிக்கொள்ளலாம். முறுக்கியதில் 10 மீட்டர் அளந்து நகைத் தராசில் போட்டுப் பாருங்கள், சுமார் இரண்டரை கிராம் வந்தால் சரி.

கோம்பட் நூல்தான், அதாவது குட்டை இழைகளைச் சீவி நீக்கியதுதான் வாங்க வேண்டும். பல்லடம், வெள்ளகோவில் பக்கம் ஓடுகிற ஓ.ஈ. (ஓப்பன் எண்ட்) நூல் மலிவாகக் கிடைக்கும், கழிவுப் பஞ்சும் கலந்து வருவது, சொரசொரப்பு, குதிகாலில் சீக்கிரம் தேயும். இன்னொன்று, மிஷினில் வழுக்கி ஓடுவதற்காகக் கோன் நூலுக்கு மெழுகு கொடுத்திருப்பார்கள், பஞ்சிலும் இயற்கையாகவே மெழுகு உண்டு. சாயம் ஏறாத கோரா நூல் தண்ணீரைக் குடிக்காததற்கு அதுதான் காரணம். முறுக்கிய நூலைச் சிட்டமாகச் சுற்றி, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, சலவைச் சோடா கொஞ்சம் போட்டு அரை மணி நேரம் கொதிக்க விடுங்கள். தண்ணீர் பழுப்பு நிறத்தில் இறங்கும். அலசிக் காய வைத்த பிறகு அந்த நூலே வேறு நூல் மாதிரி இருக்கும், சுருக்கமும் அப்போதே பெரும்பாலும் போய்விடும்.

பவானிக்காரி:
கோன்நூல் அண்ணா சொன்ன கணக்கெல்லாம் சரி, ஆனால் சாக்ஸுக்குக் காட்டன் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். காட்டனுக்கு மீள்கிற குணம் இல்லை. காலையில் பிடித்தமாக இருக்கும், மத்தியானம் கணுக்காலில் வந்து குவிந்திருக்கும். கம்பளி இழை இயற்கையாகவே சுருள் சுருளாக இருப்பதால் இழுத்தாலும் திரும்பும். வியர்வையும் அப்படித்தான், தன் எடையில் 30 சதவீதம் வரை ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் கம்பளி ஈரமாகத் தெரியாது. காட்டன் நனைந்தால் காலோடு ஒட்டிக்கொண்டு கால் இன்னும் சில்லிடும். 75 பங்கு மெரினோ ஆட்டுக் கம்பளி, 25 பங்கு நைலான் கலந்த சாக் நூல் ஆன்லைனில் கிடைக்கிறது. மெரினோ என்றால் குத்தாது. இழையின் தடிமன் 20 மைக்ரானுக்குக் கீழே இருந்தால் தோல் அதை உணர்வதே இல்லை. நைலான் குதிகால் தேயாமல் பார்த்துக்கொள்ளும். விலை அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் இத்தனை மணி நேரம் உட்கார்ந்து பின்னுகிற வேலைக்கு நூலில் கஞ்சத்தனம் காட்டக் கூடாது என்பது என் கட்சி.

கோன்நூல்:
அம்மணி, மலையில் இருக்கிறவர்களுக்கு நீங்கள் சொல்வது சரி. இவர் வீட்டுக்குள் டைல்ஸ் தரையில் நடக்கிற பெரியவர், சூலூரில். மார்கழி விடியலில்தான் குளிர், பத்து மணிக்கு மேல் வெயில் சுள்ளென்று ஆகிவிடும். அப்புறம் துவைப்பது யார் என்று யோசித்தீர்களா? தோட்டத்து வீட்டில் துவைக்கிற கல்லில் சோப்புப் போட்டுக் கும்மினால் சாதாரணக் கம்பளி இறுகிப் போய்க் குழந்தை சாக்ஸ் ஆகிவிடும். காட்டன் கல்லையும் தாங்கும், சுடுதண்ணீரையும் தாங்கும்.

பவானிக்காரி:
சூப்பர்வாஷ் என்று போட்டிருக்கிற நூல் மிஷினில் போட்டாலும் இறுகாது அண்ணா, இழை மேல் இருக்கிற செதில்களை நீக்கியோ பூச்சுக் கொடுத்தோ அடக்கியிருப்பார்கள். கல்லில் அடித்தால் கெடும் என்பது உண்மைதான், அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஊசிமுனை:
இடையில் ஒன்று சொல்கிறேன். இரண்டோ அதற்கு மேலோ ஊசிகளில் கண்ணி கண்ணியாகப் பின்னுகிற கலையில் இன்றைக்கு மிச்சம் இருக்கிற மிகப் பழைய மாதிரிகளில் எகிப்தில் கிடைத்த சாக்ஸ்கள் உண்டு, சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முந்தையவை. அவை கம்பளி அல்ல, வெள்ளையும் அவுரி நீலமுமான பருத்தி நூல். சுடுகிற நாட்டில் பருத்தியில் சாக்ஸ் பின்னியிருக்கிறார்கள், இன்று வரை வடிவம் குலையாமல் மியூசியத்தில் இருக்கிறது. காட்டனில் முடியாது என்று சொல்லிவிட வேண்டாம்.

வார்டு_நர்ஸ்:
கோபியில் ஆஸ்பத்திரி வேலையில் இருக்கிறேன். சர்க்கரை உள்ளவர் என்று சொன்னதால் எழுதுகிறேன், தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். ரொம்ப வருஷம் சர்க்கரை இருந்தவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். நமக்கு உறுத்துகிற ஒரு முடிச்சு அவருக்கு உறுத்தவே உறுத்தாது. அது நாள் முழுக்க ஒரே இடத்தில் அழுத்திக் கொப்புளமாகி, புண்ணாகி, வீட்டில் யாராவது பார்க்கிற வரைக்கும் தெரியாமல் இருக்கும். அதனால் பாதப் பகுதிக்குள் முடிச்சே கூடாது. நூல் இணைக்க வேண்டி வந்தால் கணுக்காலுக்கு மேலே வைத்து இணையுங்கள். உள்ளங்காலில் பூ வேலை, பர்ல் மேடு எதுவும் வேண்டாம், வழவழவென்று இருக்கட்டும். மேல்பட்டையில் எலாஸ்டிக் வேண்டாம், ஆனால் தொளதொளப்பும் ஆகாது, மடிப்பும் அழுத்தும்.

நிறம் வெள்ளையோ சந்தனமோ இருந்தால் நல்லது. புண்ணிலிருந்து நீரோ ரத்தமோ கசிந்தால் கழற்றும்போதே தெரியும், கறுப்பில் தெரியாது. தினமும் மாற்ற வேண்டும் என்பதால் குறைந்தது இரண்டு ஜோடி தேவைப்படும். மாற்றும்போது யாராவது விரல் இடுக்கையும் குதிகாலையும் பார்த்துவிடுங்கள். இன்னொன்று, டைல்ஸில் வெறும் சாக்ஸோடு நடந்தால் வழுக்கும். அடியில் சிலிக்கோன் புள்ளி வைப்பதென்றால் வெளிப்பக்கம் மெல்லிசாக வைக்க வேண்டும், இல்லை வீட்டுக்குள் போடுகிற மெத்துச் செருப்பு ஒன்று வாங்கிக் கொடுங்கள். காலில் ஏற்கெனவே புண்ணோ நிறமாற்றமோ இருந்தால் சாக்ஸை விட்டுவிட்டு முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.

நொய்யல்கரை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. காலில் புண் எதுவும் இல்லை, மாதாமாதம் செக்கப்புக்குப் போகிறார். மாமாவிடம் 2/20 கோம்பட் கோரா நூல் வாங்கிவிட்டேன், அம்மாவின் பள்ளிக்கூடக் காலத்துத் தக்ளி பரணில் கிடைத்தது. முறுக்கி, கொதிக்க வைத்து, 2.25 மி.மீ. ஊசியில் மாதிரித் துண்டு பின்னித் துவைத்துக் காய வைத்து அளந்ததில் 10 சென்டிமீட்டருக்கு 30 கண்ணி, 42 வரிசை வருகிறது. பாதச் சுற்றளவு 24 சென்டிமீட்டர், நீளம் 25, சாய்வுச் சுற்றளவு 33, கெண்டைக்கால் 27. அக்கா, எத்தனை கண்ணி?

உடுமலைக்காற்று:
துவைத்த பிறகு அளந்தாய் பார், அது ரொம்பச் சரி. ஒன்று கேட்கிறேன், மாதிரியைத் தட்டையாகப் பின்னினாயா, வட்டமாகவா? சாக்ஸின் வழவழப்பான பகுதியை வட்டமாகப் பின்னும்போது பர்ல் வரிசையே வராது, முழுக்க நிட்தான். பலருக்கு நிட் ஒரு இறுக்கமும் பர்ல் வேறு இறுக்கமும் இருக்கும். தட்டையான மாதிரியை நம்பினால் கணக்கு மாறலாம், அதனால் வெறும் நிட்டில் நாலு விரற்கடை வட்டமாகப் பின்னி இன்னொரு முறை அளந்து பார்.

இப்போது கணக்கு. 24-ல் பத்தில் ஒன்று கழித்தால் 21.6. சென்டிமீட்டருக்கு 3 கண்ணி, ஆக 64.8. நான்கால் வகுபடுகிற எண்ணாக 64 வைத்துக்கொள். கண்ணி ஏற்றும்போது இரண்டு ஊசியைச் சேர்த்துப் பிடித்து அதன் மேல் ஏற்று, அப்புறம் ஒன்றை உருவிவிடு. விளிம்பு இறுகாமல் இழுபடும். அவர் கெண்டைக்கால் 27 என்பதால் விளிம்பு இறுகினால் மறுபடியும் அதே அச்சுதான் விழும். காட்டனுக்கு மீள்கிற குணம் குறைவு என்று பவானிக்காரி சொன்னது நிஜம், அதை ரிப்பை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். மேல்பட்டைக்கு மட்டும் ரிப் போட்டு நிறுத்தாதே. கணுக்கால் வரைக்கும் இரண்டு நிட் இரண்டு பர்ல் ரிப்பே ஓடட்டும், பாதத்தின் மேல்பக்கத்திலும் அதையே தொடர்ந்தால் சாக்ஸ் முழுக்கத் தானே சுருங்கிப் பிடிக்கும். உள்ளங்கால் மட்டும் வழவழப்பாக நிட். எந்த இடத்திலும் ரப்பர் தேவைப்படாது.

கால் பகுதி 15 சென்டிமீட்டர் வந்ததும் குதிகால். சாக்ஸில் பயப்பட ஒன்று உண்டென்றால் இந்த இடம்தான், ஆனால் பின்னிப் பார்த்தால் கையே சொல்லிக் கொடுத்துவிடும். 64-ல் பாதி, 32 கண்ணியை மட்டும் எடுத்து முன்னும் பின்னுமாக 32 வரிசை தட்டையாகப் பின்னு. ஒவ்வொரு வரிசையிலும் முதல் கண்ணியைப் பின்னாமல் அப்படியே நழுவ விடு. நிட் பக்கத்து வரிசைகளில் ஒன்று நழுவல் ஒன்று நிட் என்று மாற்றி மாற்றிப் போ. பின்னால் நூல் இரட்டையாக ஓடி அந்தப் பகுதி கெட்டியாகும், செருப்பு உரசுகிற இடத்துக்கு அது வேண்டும்.

இப்போது திருப்புவது. நிட் பக்கம்: முதல் கண்ணியை நழுவவிட்டதையும் சேர்த்து 17 கண்ணி போ, இரண்டைச் சேர்த்துப் பின்னு, ஒன்று நிட், மீதி 12 ஊசியிலேயே இருக்க, அங்கேயே திருப்பு. பர்ல் பக்கம்: ஒன்றை நழுவ விடு, மூன்று பர்ல், இரண்டைச் சேர்த்துப் பர்ல், ஒன்று பர்ல், திருப்பு. இந்தப் பக்கமும் 12 மிச்சம் இருக்கும். திருப்பிய இடத்தில் ஒரு சின்ன இடைவெளி கண்ணுக்குத் தெரியும். அடுத்த வரிசையிலிருந்து அந்த இடைவெளிக்கு ஒரு கண்ணி முன்பு வரை பின்னி, இடைவெளிக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாகச் சேர்த்து, இன்னும் ஒன்று பின்னித் திருப்பு. இப்படியே போனால் இரண்டு பக்கமும் தீர்ந்து 18 கண்ணி மிஞ்சும். மஞ்சப்பையின் அடிமூலை மாதிரி தட்டைத் துணி குழிந்து நிற்கும்.

அப்புறம் அந்தத் தட்டைப் பகுதியின் இரண்டு ஓரத்திலும் 16, 16 கண்ணி எடு. நழுவ விட்ட கண்ணிகள் சங்கிலியாக இருப்பதால் எடுப்பது சுலபம். 18, 16, 16 சேர்ந்து 50, மேல்பக்கம் காத்திருக்கிற 32, மொத்தம் 82. ஓரத்துக்கும் மேல்பக்கத்துக்கும் நடுவில் ஓட்டை விழுந்தால் அங்கே ஒரு கண்ணி கூடுதலாக எடுத்து அடுத்த சுற்றில் சேர்த்துவிடு. ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றில் பக்கத்துக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தால் ஒன்பது குறைப்பில் மறுபடி 64. சாய்வுச் சுற்றளவு 33-க்கு இடம் கொடுப்பது இப்படிக் குறைந்துகொண்டே வருகிற இந்த முக்கோண ஆப்புதான், அவசரப்பட்டு வேகமாகக் குறைத்துவிடாதே.

பாதம் குதிகாலிலிருந்து 19 சென்டிமீட்டர் வந்ததும் விரல் பகுதி. சுற்றுக்கு நான்கு கண்ணி குறைய வேண்டும், இரண்டு பக்கத்திலும் மேலே ஒன்று கீழே ஒன்று. 32 ஆகிற வரைக்கும் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று, அதற்குப் பிறகு ஒவ்வொரு சுற்றிலும், 16 வரும் வரை. எட்டும் எட்டுமாக இரண்டு ஊசியில் எதிரெதிரே வைத்து மொண்ணை ஊசியால் கிச்சனர் தையல் போட்டு மூடு. நூல் ஒரு கண்ணி வரிசை போலவே ஓடுவதால் தையல் போட்டதே தெரியாது. சுண்டுவிரலை உரசுகிற கோடு என்ற பேச்சே இருக்காது.

நொய்யல்கரை:
அக்கா, இதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன். வட்டமாகப் பின்ன நான்கைந்து குட்டை ஊசியா, இல்லை நீள வயர் ஊசியா, எது சுலபம்?

ஊசிமுனை:
முதல் தடவைக்கு 80 சென்டிமீட்டர் வயர் உள்ள ஊசி ஒன்று போதும், நடுவில் வயரை வளையமாக வெளியே இழுத்துவிட்டு மேஜிக் லூப் முறையில் பின்னலாம். கண்ணி நழுவாது, பஸ்ஸில் உட்கார்ந்தும் பின்னலாம். குட்டை ஊசி வேண்டுமென்றால் பழைய கடைகளில் மி.மீ. கணக்குச் சொல்ல மாட்டார்கள், 13-ஆம் நம்பர் என்று கேட்டால் 2.25 தருவார்கள். கோவையில் ஒப்பணக்கார வீதி, ராஜ வீதிப் பக்கம் தையல் சாமான் கடைகளில் விசாரித்துப் பாருங்கள். காட்டன் நூலுக்கு மூங்கில் ஊசி நல்லது, ஸ்டீலில் வழுக்கும்.

பவானிக்காரி:
குதிகாலுக்கு நான் வேறு வழி சொல்வேன். வரிசையை முழுக்கப் பின்னாமல் பாதியிலேயே திருப்பித் திருப்பிப் போகிற ஷார்ட் ரோ குதிகால் போட்டால் தனியாகக் கண்ணி எடுக்கிற வேலையே இல்லை, பார்க்கவும் கடை சாக்ஸ் மாதிரி சுத்தமாக இருக்கும்.

உடுமலைக்காற்று:
பார்க்க நன்றாக இருக்கும்தான். ஆனால் அதில் ஆப்பு இல்லை என்பதால் மேல்பாதம் உயர்ந்த காலுக்குக் குறுக்கே இழுத்துப் பிடிக்கும். 24 பாதத்துக்கு 33 சாய்வுச் சுற்று இருக்கிறது, வயதானவர், சாயங்காலம் வீங்கும். இவருக்கு நான் சொன்ன முறைதான். ஒல்லிக் காலுக்கு, இளவட்டங்களுக்கு உன்னுடையதைத் தாராளமாகப் போடலாம்.

நொய்யல்கரை:
இன்னொரு சந்தேகம். அப்புச்சி வாசலுக்கு இறங்கும்போது கட்டைவிரல் வார் வைத்த செருப்புத்தான் போடுவார், ஷூ எல்லாம் ஆகாது. சாக்ஸோடு அது மாட்டாதே, என்ன செய்வது?

ஊசிமுனை:
கட்டைவிரலைத் தனியாகப் பிரித்துப் பின்னலாம். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் எகிப்திலிருந்து போன ஒரு ஜோடிச் சிவப்புக் கம்பளி சாக்ஸ் இருக்கிறது, கி.பி. 250-க்கும் 420-க்கும் இடைப்பட்டது என்கிறார்கள். ஒற்றை ஊசி நூலால் கோத்துச் செய்தது அது, வேறு முறை, ஆனால் விரல் பகுதி இரண்டாகப் பிளந்திருக்கிறது, வார்ச்செருப்போடு போடுவதற்காகவே. உங்கள் 64 கண்ணியில் கட்டைவிரல் பக்கம் மேலே 12, கீழே 12 ஒதுக்கிவிட்டு மற்ற 40-ஐ நடுவில் 4 புதுக் கண்ணி சேர்த்து வட்டமாக்கி நாலு விரலையும் முடிக்க வேண்டும். பிறகு அந்த 4-லிருந்து நான்கு கண்ணி எடுத்து 28 கண்ணியில் கட்டைவிரல். இடது, வலது மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இந்த சாக்ஸை மாற்றிப் போட முடியாது.

வார்டு_நர்ஸ்:
ஊசிமுனை சொன்னது நல்ல வேலைப்பாடு, மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பெரியவருக்கு வேண்டாம். புதுக் கண்ணி சேர்க்கிற இடம் விரல் இடுக்கில் வரும், அது எவ்வளவு மெல்லிசாக இருந்தாலும் ஒரு மேடுதான், அதன் மேல் செருப்பு வாரும் அழுத்தும். சர்க்கரைக் காலில் புண் வருகிற இடங்களில் விரல் இடுக்கும் ஒன்று. விரல் வார் செருப்பே அவருக்குச் சரியில்லை. முன்பக்கம் அகலமாக, குறுக்கே ஒட்டுப்பட்டை வைத்து, குதிகாலைப் பிடிக்கிற மாதிரி செருப்பு வாங்குங்கள். சாதாரண சாக்ஸோடு மாட்டலாம், வீங்கினால் பட்டையைத் தளர்த்தலாம்.

ஊசிமுனை:
சரிங்க, அவருக்கு வேண்டாம். சர்க்கரை இல்லாதவர்களுக்கு யாராவது பின்னினால் அந்தக் கணக்கு உதவட்டும்.

நொய்யல்கரை:
புரிந்ததுங்க. செருப்பையே மாற்றிவிடுகிறோம்.

வால்பாறை_மழை:
பேச்சின் நடுவில் நுழைவதற்கு மன்னிக்கணும். நாங்கள் வால்பாறை எஸ்டேட்டில். ஆனி, ஆடியில் மழை விடாமல் கொட்டுகிற ஊர், அப்பா நாள் முழுக்க ரப்பர் பூட்ஸில் நிற்கிறார். அவருக்குக் காட்டனா கம்பளியா? எங்கள் பெரியப்பா காங்கேயம் பக்கம் குறும்பை ஆடு வளர்க்கிறார், அந்த ரோமத்தில் நூல் நூற்றுப் பின்னலாமா? கை சாக்ஸ் போட்டால் அட்டை கடிக்காமல் இருக்குமா?

பவானிக்காரி:
இதற்குத்தான் காத்திருந்தேன். உங்கள் அப்பாவுக்குக் கம்பளி-நைலான்தான், இதில் கோன்நூல் அண்ணாவே சண்டைக்கு வர மாட்டார். ரப்பர் பூட்ஸில் வியர்வை வெளியேறவே வழியில்லை, காட்டன் சாக்ஸ் ஒரு மணி நேரத்தில் ஊறி நாள் முழுக்க ஊறியபடியே கிடக்கும், தோல் வெளுத்துச் சுருங்கி உரிந்துவிடும்.

குறும்பை ரோமம் தடிமனானது, நடுவில் முடி மாதிரி இழையும் கலந்து வரும். விரித்துப் படுக்கிற கம்பளிக்கு அருமையாக இருக்கும், வெறும் தோலில் படுகிற சாக்ஸுக்கு ஆகாது, குத்தும். 30 மைக்ரான் கிட்டப் போனாலே தோலில் அரிப்பெடுக்கும். நம் பக்கத்திலேயே மென்மையான ரோமம் என்றால் நீலகிரி ஆட்டினம்தான். ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் செம்மறி ஆராய்ச்சி நிலையம் அந்த இனத்தை வைத்திருக்கிறது. மலைப்பக்கம் ரோமம் கிடைத்தால் அதில் நூற்றுப் பார்க்கலாம். ஆனால் நைலான் கலக்காத கை நூல் பூட்ஸுக்குள் குதிகாலில் தேயும், பாதம் முழுக்கக் கைநூலும் குதிகாலிலும் விரலிலும் மட்டும் மெல்லிய நைலான் இழையைச் சேர்த்துப் பிடித்தும் பின்னுங்கள்.

பூட்ஸுக்குள் போவது கெட்டியாகப் பின்ன வேண்டும், 10 சென்டிமீட்டருக்கு 34 கண்ணி வருகிற மாதிரி, 2 மி.மீ. ஊசியில். உங்கள் அப்பா பாதமும் 24 என்றால் 21.6-ஐ 3.4-ஆல் பெருக்கினால் 73.4, நான்கால் வகுபடுகிற எண்ணாக 72 கண்ணி. கால் பகுதி பூட்ஸ் விளிம்புக்கு மேலே இரண்டு விரல் தெரிகிற அளவுக்கு நீளமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் பூட்ஸின் வாய் கெண்டைக்காலை அறுக்கும். மூன்று ஜோடியாவது வேண்டும், உங்கள் ஊர் மழையில் ஒன்று காய இரண்டு நாள் ஆகும், அடுப்புக்கு மேலே தொங்கவிட்டால் இழை மொடமொடத்துப் போகும், துண்டில் சுருட்டிப் பிழிந்துவிட்டு வீட்டுக்குள் காற்றுப்படுகிற இடத்தில் போடுங்கள்.

அட்டைக்குக் கை சாக்ஸ் தடை இல்லை, கண்ணிக்கு நடுவில் புகுந்து கடித்துவிடும். அதற்கு நெருக்கமாக நெய்த துணியில் முழங்கால் வரை தைத்த அட்டை சாக்ஸ் தனியாக இருக்கிறது. கம்பளி சாக்ஸ் உள்ளே, அட்டை சாக்ஸ் அதற்கு மேலே, பிறகு பூட்ஸ். அதனால் பூட்ஸ் வாங்கும்போது இரண்டையும் போட்டுக்கொண்டே அளவு பார்க்கச் சொல்லுங்கள்.